கிழங்கு, கீரை, கவிச்சி

குணவதி வேலைக்காட்டிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். இராசாத்தி தரையில் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்து, வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் தோலோடு கடித்துப் போட்ட மரவள்ளிக்கிழங்கு.

"பச்சையா தின்னுருக்கு, குணா," என்றாள் அடுத்த வீட்டு மருதம்மாள். "அதுவும் கசப்புக் கிழங்கு. நான் பார்க்கறப்ப வாந்தி எடுத்துக்கிட்டு கெடக்குது."

இராசாத்தி குணவதிக்கு நாத்தனார். புருசன் சின்னையாவுக்கு மூத்தவள். முப்பதைத் தாண்டியவள். உடம்பு வளர்ந்த அளவுக்குப் பேச்சும் புத்தியும் வளரவில்லை. மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. சின்ன வயதில் கொதிக்கும் பானையை இழுத்து இடது கை வெந்துபோனதிலிருந்து அவளை அடுப்புப் பக்கமே விடாமல் வளர்த்தாள் அவள் அம்மா. நேரம் தவறாமல் சோறு தட்டில் வந்துவிடும். ஜப்பான்காரன் வந்த மறுவருசம் அந்த அம்மா கால் வீங்கி, வயிறு வீங்கிச் செத்துப்போனாள். அதற்கப்புறம் சின்னையாவையும் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஏறுமுன் அவன் சொன்னது ஒன்றுதான்: "அக்காவப் பார்த்துக்க." குணவதி தலையைக்கூட ஆட்டவில்லை. லாரி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் இருந்தது கெடாவில் ஏழாம் கட்டைத் தோட்டம், சுங்கை லாலாங்கிலிருந்து உள்ளே தள்ளி. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிய பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றுபோனது. பாதிக் காட்டை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னான் ஜப்பான்காரன். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அரிசி. அதுவும் ஒரு கைப்பிடி, கல்லும் புழுவுமாக. இராசாத்தியின் பேருக்கு ஒன்றுமில்லை. குணவதி விடியலில் கிழங்கை அவித்து மூடி வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைவதற்குள் இராசாத்தி அதைத் தின்று முடித்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் பசியோடு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குப் பசி தாங்காமல் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் போய்க் கையாலேயே தோண்டியிருக்கிறாள்.

சாக்கில் போட்டு குணவதியும் மருதம்மாளுமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் போனதிலிருந்து அங்கே மருந்து கட்டுகிற டிரெசர் குழந்தைவேலு மட்டும்தான். அவர் இராசாத்தியை இன்னும் வாந்தி எடுக்க வைத்தார், தண்ணீர் புகட்டினார், பொழுது சாய்கிற வரைக்கும் நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். கடைசியில் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பொழச்சிருச்சு. இன்னொரு தடவ இப்படி வந்தா என் கையில ஒன்னுமில்லம்மா. மருந்து அலமாரிய நீயே திறந்து பாரு."

வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் மருதம்மாள் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கால்ல கட்டித் தூண்ல போட்டுட்டு வேலைக்குப் போ. பாவம்தான். ஆனா பாவம் பார்த்தா நீ எப்படிப் பொழைப்ப?"

மறுநாள் காலையில் குணவதி கயிற்றை எடுத்தாள். இராசாத்தி அதைப் பார்த்ததும் தானாகவே காலை நீட்டினாள். அவள் முகத்தில் அத்தனை நாளில் வராத சிரிப்பு.

"கொலுசா, குணா?"

குணவதி முடிச்சைப் போட்டாள். கடைசி லயம் வரைக்கும் நடந்தாள். அங்கே நின்றுவிட்டு, திரும்பி ஓடி வந்து முடிச்சை அவிழ்த்தாள். அன்றைக்குப் பிந்திப் போனதற்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் திட்டினான். அவள் காதில் எதுவும் விழவில்லை.

அந்த வாரத்திலேயே அவளுடைய அண்ணன் முருகையா வந்தான். கோத்தா கோலா மூடாவில் மீன் காயப்போடும் வேலை அவனுக்கு. டயர் கிடைக்காததால் சைக்கிள் சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த இராசாத்தியைக் கண்ணால் காட்டினான்.

"நீ என்கூட வந்திரு. கடலோரம், மீனாச்சும் கெடைக்கும். இதை ஆஸ்பத்திரியில விட்டுரு."

"ஆஸ்பத்திரியில யாருண்ணே பார்ப்பாங்க?"

"உனக்கு மட்டும் யாரு இருக்கா? சின்னையா வருவான்னு எனக்குத் தோணல. உன் ரத்தமா அது?"

ரத்தம் இல்லைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இராசாத்தியிடம் குணவதி சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் பேச வேண்டி வரவுமில்லை. அண்ணனோடு போய்விட வேண்டுமென்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மீன் குழம்பின் வாசனைகூட மூக்கில் வந்துபோனது. ஆனாலும், "நீ போண்ணே, நான் அப்புறம் சொல்றேன்," என்றாள்.

அவன் போன பிறகு நெத்திலியை எடுத்துக்கொண்டு டிரெசரிடம் போனாள். பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

"ஐயா, அதுக்குச் சமைக்கச் சொல்லிக் குடுக்கலாம்னு பார்க்கறேன். நடக்குமா?"

குழந்தைவேலு யோசித்தார். "எனக்குத் தெரியல. யாரும் சொல்லிக் குடுத்து நான் பார்த்ததில்ல. ஆனா சொல்லிக் குடுத்தா வெறும் கிழங்கோட நிறுத்தாத. உன் மாமியா வீங்கிச் செத்தது பசியில மட்டும் இல்ல. வெள்ளை அரிசியும் கிழங்கும் மட்டுமே தின்னா உடம்பு அப்படித்தான் போகும். கீரை போடு. கருவாடு, நத்தை, எது கெடைச்சாலும் போடு. தவிடு கெடைச்சா விடாத."

அப்படித் தொடங்கியது. முதலில் வாயால் சொல்லிப் பார்த்தாள். தோலை உரி, நறுக்கு, ஊறப்போடு, அவி. இராசாத்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, உரிக்காத கிழங்கைப் பானையில் போட்டாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் தடவை குணவதி கை ஓங்கி அடித்துவிட்டாள். இராசாத்தி அழவில்லை. வெந்த தழும்புக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். மாமியாரும் ஒருகாலத்தில் அடித்திருப்பாள் என்று குணவதிக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்தாள். இராசாத்தியின் பின்னால் உட்கார்ந்து, அவள் கையின்மேல் தன் கையை வைத்துக் கத்தியைப் பிடித்தாள். மேல்தோல், அதற்கடியில் இருக்கும் தடித்த தோல், இரண்டையும் உரித்து, உள்ளே பல் மாதிரி வெள்ளை தெரிகிற வரைக்கும். ஒரு கிழங்கு முடிய அரைப் பொழுது ஆனது. வாய் சொன்னது மறந்துபோனவளுக்குக் கை செய்தது மறக்கவில்லை. சில நாளில் குணவதி கையை எடுத்துவிட்டாள். இராசாத்தி அதைக் கவனிக்காமலேயே உரித்துக்கொண்டிருந்தாள்.

விசம் இறங்க ஊறவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. இன்றைக்கு நறுக்கியதை நாளைக்குத்தான் அவிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. நாளை என்பதே அவளுக்கு இல்லை. குணவதி இரண்டு மண்ணெண்ணெய் டின்களைத் தேய்த்துக் கழுவி, ஒன்றை வாசல் பக்கமும் இன்னொன்றைச் சுவர்ப் பக்கமும் வைத்தாள். நறுக்கியது சுவர் டின்னுக்குள். காலையில் எழுந்ததும் அதன் தண்ணீரைக் கொட்டி, கிழங்கை வாசல் டின்னுக்கு மாற்ற வேண்டும். வாசல் டின்னில் இருப்பதைத்தான் அவிக்கலாம். அவிக்கும்போது பானையை மூடக்கூடாது. ஆவி போக வேண்டும். வெந்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். ஒருநாள் டின் ஓட்டையாகிவிட்டதென்று வேறொரு பானையை வைத்தபோது இராசாத்தி அதன் முன்னால் நின்று அழுதாள். பானை மாறினால் அவளுக்கு எல்லாமே மாறிப்போனது. குணவதி தாரைக் காய்ச்சி ஓட்டையை அடைத்து அதே டின்னைக் கொண்டுவந்து வைத்தாள்.

நெருப்புக்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது. முதலில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது. பிறகு தணலை ஊதுவது. ஊதுகுழல் இராசாத்திக்குப் பிடித்துப்போனது. ஊதினால் சிவக்கிறது, விட்டால் கறுக்கிறது என்பதை விளையாட்டாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஊதிக்கொண்டிருந்தபோதே ஒருநாள் தானாக ஒரு சுள்ளியை எடுத்து உள்ளே தள்ளினாள். குணவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு டிரெசர் சொன்னதை மூன்றாகச் சுருக்கிக்கொண்டாள் குணவதி. மூன்று விரலை மடக்கி, "கிழங்கு, கீரை, கவிச்சி" என்று சொல்லிக்கொடுத்தாள். தட்டில் மூன்றும் இருந்தால்தான் கையை வைக்கலாம். கீரைக்குப் பஞ்சமில்லை. மரவள்ளிக் கொழுந்து, முருங்கை, சேம்புத் தண்டு, ஓடையோரத்துக் கங்கோங். கவிச்சிக்கு நெத்திலி தீர்ந்தால் நத்தை, அதுவும் இல்லையென்றால் ஓடையில் கூடை போட்டு அள்ளிய பொடி மீன். இராசாத்தி இந்த மூன்று சொல்லையும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே திரிந்தாள். லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். மருதம்மாள்கூட, "என்னா இன்னைக்குக் கவிச்சி?" என்று கேலி பண்ணுவாள். "நத்தை," என்று மரியாதையாகப் பதில் சொல்வாள் இராசாத்தி.

அப்புறம் குணவதி எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. வேலை விட்டு வந்தபோது அடுப்பின் முன்னால் இருளப்பன் உட்கார்ந்திருந்தான். மேல் லயத்தில் இருந்தவன். இராசாத்தியைப் போலத்தான் அவனும். ஆனால் பேச்சே வராது. ஆள் ஆறடி. காய்ச்சலில் அப்பனும் ஆத்தாளும் போன பிறகு பன்றித் தொட்டியில் கையை விட்டுத் தின்றுகொண்டு அலைந்தான். பார்க்கிறவர்கள் கல்லை விட்டெறிந்து துரத்துவார்கள்.

"அண்ணி, இவன் ஏன் இங்க இருக்கான்?"

"பசி," என்றாள் இராசாத்தி.

"நமக்கே பத்தாது. போகச் சொல்லு."

இராசாத்திக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. இருளப்பன் ஊறாத கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனான். அவள் பளாரென்று அவன் கையில் அடித்தாள்.

"சுவர் டின்னு. தொடக்கூடாது. வவுறு வலிக்கும், செத்துருவ." பிறகு அவன் பின்னால் போய் உட்கார்ந்து, அந்தப் பெரிய கையின்மேல் தன் கையை வைத்துக் கத்தியைப் பிடிக்க வைத்தாள்.

குணவதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனை விரட்ட அதற்கப்புறம் அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த வருசக் கடைசியில் சுங்கைப்பட்டாணி விமானத் திடலுக்கு மண் சுமக்க ஆள் கேட்டு உத்தரவு வந்தது. ஆண் இல்லாத வீடுகளிலிருந்து பெண்கள் போக வேண்டும் என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. குணவதி கெஞ்சிப் பார்த்தாள்.

"வீட்ல புத்தி சரியில்லாதவங்க இருக்காங்க, ஐயா. நான் போனா யாரு சோறு போடுவா?"

"நான் அனுப்பலன்னா என்னையத்தான் அடிப்பான், குணவதி. போயிட்டு வா," என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

பாக்கார் ஆராங் பக்கம் கொட்டகை போட்டு அடைத்திருந்தார்கள். பொழுது விடிந்தால் மண் கூடை, பொழுது சாய்ந்தால் நீர்த்த கஞ்சி. திரும்ப எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். புருசனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், இப்போது இதுவும் சயாம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாட்டில்தானே இருக்கிறோம் என்று குணவதி நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தது. ஆனால் கூடையைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் அவள் கண்ணில் நின்றது சின்னையா இல்லை, அந்த இரண்டு டின்கள்தான். கூரை ஒழுகி டின் நகர்ந்துவிட்டால்? யாராவது எடுத்துப் போய்விட்டால்? இடம் மாறினால் இராசாத்தி என்ன செய்வாள்?

விட்டபோது மழைக்காலம் முடிந்திருந்தது. நடந்தே வந்தாள். லயத்தை நெருங்கும்போது நடை தானாகத் தளர்ந்தது. தூரத்திலிருந்து வீட்டுக் கூரையைப் பார்த்தாள். கூரையிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது.

உள்ளே இராசாத்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், கால் வீங்கவில்லை. இருளப்பன் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். டின்கள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. குணவதியைப் பார்த்ததும் இராசாத்தி எழுந்து வந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. தரையில் வரிசையாக வைத்திருந்த தட்டுகளைக் காட்டி, "உன்னுது," என்றாள்.

நாலு தட்டு இருந்தது. ஒன்று இராசாத்திக்கு, ஒன்று இருளப்பனுக்கு, ஒன்று குணவதிக்கு.

"இது யாருக்கு, அண்ணி?"

"தம்பிக்கு."

குணவதி போனதிலிருந்து தினமும் அப்படித்தான் வைத்திருக்கிறாள். சின்னையாவும் குணவதியும் வராததால் அந்த இரண்டு தட்டையும் இருளப்பன்தான் காலி பண்ணியிருக்கிறான். அவன் கன்னம் மட்டும் உப்பியிருந்ததற்குக் காரணம் அதுதான். நடுவில் மருதம்மாள் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது ஒரு தட்டு அங்கேயும் போயிருக்கிறது. அதை மருதம்மாளே வந்து சொன்னாள்.

"எழுந்திருக்க முடியாமக் கெடந்தேன், குணா. கொண்டாந்து வச்சுட்டு, கீரையையும் தின்னாத்தான் ஆச்சுன்னு எதிர்லயே உக்காந்துக்கிச்சு. முடிக்கற வரைக்கும் போகல." சொல்லும்போது அவள் இராசாத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போன குணவதி திகைத்து நின்றாள். மரவள்ளிக் கொல்லை மொட்டையாகக் கிடந்தது. நல்ல கிழங்கெல்லாம் தோண்டியாகிவிட்டது. பிடுங்கிய குச்சிகள் காய்ந்து குவிந்திருந்தன. ஒரு குச்சிகூடத் திரும்ப நடப்படவில்லை. மடக்கிய மூன்று விரலில் நடவு வரவில்லையே என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். தோண்டத் தெரிந்தவளுக்கு நடத் தெரியும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டுவிட்டாள்.

கிழங்கு முற்ற மாதக்கணக்காகும். அதுவரைக்கும் மூன்று வயிறு. மருதம்மாள் தன் கொல்லையில் ஒரு வரிசையைக் காட்டி, "இதை நீங்க எடுத்துக்குங்க," என்றாள். முருகையா கருவாட்டோடு வந்தான். இந்தத் தடவை தங்கையை வா என்று கூப்பிடவில்லை. இராசாத்தி வைத்த தட்டில் சாப்பிட்டு எழுந்து, "உப்பு கொஞ்சம் கூட," என்று மட்டும் சொன்னான். உப்பு கிடைக்காத காலத்தில் அது கருவாட்டு உப்பு. பச்சைப் பப்பாளியும் சேம்பும் மீதிப் பசியைப் பார்த்துக்கொண்டன. குச்சி நடும் வேலையை இருளப்பனுக்குக் கைபிடித்துக் காட்டினாள் குணவதி. ஒரு தடவை காட்டியதும் அவன் பிடித்துக்கொண்டான். லயத்துப் பின்பக்கம் முடிந்து, பாதையோரம் வரைக்கும் நட்டுக்கொண்டே போனவனை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது.

சண்டை முடிந்ததாகச் செய்தி வந்தபோது அந்தக் கிழங்கையும் இரண்டு தடவை எடுத்தாகியிருந்தது. சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சின்னையாவோடு லாரி ஏறிப் போனவன் ஒருவன் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"பேதி வந்துச்சு, தங்கச்சி. எங்க கேம்ப்ல பாதிப் பேரு போயிட்டாங்க. ஆத்தோரத்துல வச்சு நாங்கதான் பொதைச்சோம்."

குணவதி அழுதாள், பிறகு அழுகையும் நின்றுபோய் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். எழவுக்கு வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். இராசாத்திக்கு எவ்வளவு புரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் எப்போதும் போல அடுப்பை மூட்டினாள். குணவதியின் தலைமாட்டில் தட்டைக் கொண்டுவந்து வைத்து, முதுகுப் பக்கமாக உட்கார்ந்து, குணவதியின் கைமேல் தன் கையை வைத்துக் கிழங்கைத் தொட வைத்தாள்.

"தின்னு, குணா. தம்பி தட்டு இனிமே வேணாமா?"

"வேணாம், அண்ணி," என்றாள் குணவதி. தன் வாயால் அதைச் சொன்ன பிறகுதான் அவளால் எழுந்து உட்கார முடிந்தது.

அந்த ஒரு தட்டு கொஞ்ச நாள் அலமாரியில் இருந்தது. அப்புறம் மருதம்மாளின் பேத்திக்குப் போனது.

மாதங்கள் கழித்துத் தோட்டத்துக்கு அரிசி வந்தது. மூட்டை பிரித்து வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். குணவதி முந்தானையில் ஏந்தி வந்து முறத்தில் கொட்டினாள். தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பியபோது இராசாத்தியும் இருளப்பனும் முறத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இராசாத்தி ஒரு மணி அரிசியை விரல் நுனியில் பிடித்து, கத்தியை வைத்துக்கொண்டு, தோல் எங்கே தொடங்குகிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. உரித்து முடித்ததாக அவள் நினைத்த நாலைந்து மணி சுவர் டின்னில் மிதந்துகொண்டிருந்தன.

குணவதிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. இருளப்பனும் தொடையில் தட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். இராசாத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாகக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதுக்குத் தோலு இல்ல, அண்ணி."

"இல்லியா?"

"இல்ல. இது வேற மாதிரி." குணவதி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தழும்பு விழுந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து, இரண்டையும் சேர்த்து அரிசிக்குள் விட்டாள். "மொதல்ல களையணும். இப்படி."